வழியில் சவம் வந்தால்

திருவொற்றியூர்,
18 ஜனவரி 1932

என் மகன் வரதனுக்கு,

உன் கடிதம் பொங்கலன்று வந்தது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் உன் அம்மாவின் முழங்கால் வலியையும் சேர்த்துச் சுகம் என்று எழுதினால் அவள் காகிதத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். ஆகவே, கெங்கம்மாவின் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். உன் மனைவி மலர்க்கொடிக்கு மசக்கை தெளிந்துவிட்டது. இப்போது புளியங்காய் எங்கே என்று தேடுகிறாள். தாயில்லாத பெண், பிரசவம் நம் வீட்டில்தான் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள்.

சைகோனில் மர ஆலை துரைக்குக் கார் ஓட்டுகிறாய் என்று படித்ததும் பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் அதை வாசித்துக் காட்டினேன். நாலாம் வகுப்பு படித்தவன் சத்தம் போட்டு வாசித்தால் எப்படி இருக்கும்? பாதிப் பேர் நீ சைகோனில் துரையாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனார்கள். நான் திருத்தவில்லை.

ஆனால் அந்த ஊரில் வண்டியெல்லாம் வலது பக்கமாகப் போகும் என்று எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி ஆயுள் ஜட்கா, மீதி ஆயுள் பஸ் என்று இந்தத் திருவொற்றியூர் ரோட்டின் இடது ஓரத்திலேயே காலம் தள்ளியவன் நான். என்னிடம் கற்றுக்கொண்ட கை, அந்த ஊரில் தூக்கக் கலக்கத்தில் எந்தப் பக்கம் திரும்புமோ என்று இங்கே எனக்கு வேர்க்கிறது.

ஹாரனை விடாமல் அடி. தெருவில் நிற்கிறவன் உன்னைப் பார்த்துவிட்டான் என்று நம்பாதே. வழியில் சவம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உனக்கே தெரியும். வண்டியை நிறுத்து, இறங்கு, தலையில் இருப்பதைக் கையில் எடு, அது போய் மறையும் வரை முந்தாதே. நம் வீட்டில் யாரும் முந்தியது கிடையாது.

உன் நைனா,
தேசப்பன்


சைகோன்,
14 பிப்ரவரி 1932

மதிப்புக்குரிய நைனா அவர்களுக்கு,

தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. வலது பக்கம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இங்கே காரின் ஸ்டீரிங்கும் இடது கைப் பக்கம் இருப்பதால் எல்லாம் சரியாக வருகிறது.

இங்கே ஒழுங்கு அதிகம். நாற்சந்தியில் நமக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு முதல் வழி. அவன் கை ரிக்ஷாக்காரனாக இருந்தாலும் நாம் நிற்க வேண்டும். தெரிந்தவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்திக் குடும்ப விசாரணை செய்வது கிடையாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டுவதும் கிடையாது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஹாரன் அடித்தால் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரன் அபராதச் சீட்டுக் கிழித்துவிடுவான். தாங்கள் நம் ஊரில் ஓட்டுவது போல் இங்கே ஓட்டினால் ஒரு நாள் தாங்காது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துரைக்கு நேரம் முக்கியம். சொன்ன நேரத்துக்குச் சேர்ப்பவன் என்று என்னைப் பற்றி நல்ல பேர். ஆலைக்குப் பின்னால் டிரைவருக்கென்று இரண்டு அறை உள்ள வீடு கொடுத்திருக்கிறார். குழந்தைக்குக் கழுத்து நின்றதும் மலர்க்கொடியை இங்கே அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

வரதன்


திருவொற்றியூர்,
13 மார்ச் 1932

வரதா,

வீட்டில் 'இன்னா நைனா, துன்னியா?' என்று கேட்கிறவன், காகிதத்தில் 'தாங்கள்' என்று எழுதுகிறாய். பின்னால் யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா மட்டும் நின்றாள். வழக்கம்போலவே எழுது.

வலப்பக்கத்துக்காரனுக்கு முதல் வழி என்ற சட்டத்தை ஸ்டாண்டில் எல்லோருக்கும் விளக்கினேன். மாட்டு வண்டி கிருஷ்ணப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்டீன்னா நானு எல்லாருக்கும் வலப்பக்கமாவே வந்துகினு இருப்பேன், எவன் தடுப்பான்?" என்று கேட்டான். துரையைக் கேட்டு எழுது.

இப்போது நம் ரோட்டிலும் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். பாஸ்கர் என்று உன் வயசுப் பையன் ஒருவன், எதிர்க் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறான். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பாட்டியை ஏற்றி, மூட்டையை ஏற்றி, மருமகள் திரும்பி வந்தாளா என்று கேட்டு முடிப்பதற்குள் அவன் என்னைத் தாண்டி அடுத்த ஸ்டாப் ஜனங்களை அள்ளிக்கொண்டு போய்விடுகிறான். என் கண்டக்டர் சுயம்பு தலையில் அடித்துக்கொள்கிறான். "நைனா, நீ ஓட்றது பஸ்ஸா, இல்ல கல்யாண ஊர்கோலமா?"

மலர்க்கொடி விஷயத்தை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் இரண்டு நாள் என் சோற்றுத் தட்டைத் தரையில் டங்கென்று வைத்தாள். குழந்தைக்குக் கழுத்து நிற்பது இருக்கட்டும், இந்தச் சேதியைக் கேட்டதிலிருந்து என் கழுத்தே சரியாக நிற்கவில்லை. மலர்க்கொடி மட்டும் உன் கடிதத்தை வாங்கி, வீட்டைப் பற்றிய அந்த இரண்டு வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

தேசப்பன்


சைகோன்,
10 ஏப்ரல் 1932

நைனா,

வழக்கம்போலவே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

போன வாரம் துரை வடக்கே போகும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது. மர விஷயமாகப் பெரிய பேச்சு. அவர் நேரில் போனால்தான் நடக்கும். சீனாக்காரர்கள் குடியிருக்கும் பக்கமாகக் காரை விட்டேன். அங்கே ஒரு சவ ஊர்வலம். நம் ஊர்ச் சவம் மாதிரி பத்து நிமிஷத்தில் போய்விடுவதில்லை. முன்னால் பாண்டு, பின்னால் காகிதக் குதிரை, காகித வீடு, வெள்ளை உடுத்தி அழுகிறவர்கள், அதற்குப் பின்னால் இன்னொரு பாண்டு. ஓரமாக வழி இருந்தது நைனா. ஒரு லாரியே போயிருக்கும். ரிக்ஷாவெல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தன.

என் கால் பிரேக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. இஞ்சினை நிறுத்தினேன். இறங்கினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துரை பின்னாலிருந்து கைத்தடியால் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினார். என் காதில் விழவே இல்லை. கடைசியில் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஒரு ரிக்ஷாவைப் பிடித்தார். துறைமுகம் போவதற்குள் கப்பல் போய்விட்டது.

இப்போது சாவி வேறொருவனிடம். நான் ஷெட்டில் கார் கழுவுகிறேன். அந்த இரண்டு அறை வீடு டிரைவருக்கு உரியது; காலி செய்துவிட்டு ஷெட்டிலேயே படுக்கிறேன். மலர்க்கொடியை எங்கே அழைத்து வருவது?

கழுவும்போது யோசித்தேன். நீ ஏன் சவத்துக்கு நிற்பாய்? உன் ஜட்காக் குதிரை சாவு மேளத்துக்கும் வெடிக்கும் மிரளும். அதனால் இறங்கி அதன் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அது குதிரைக்குப் போட்ட சட்டம் நைனா. என் வண்டிக்குக் காது கிடையாது. நீ எனக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. குதிரை ஓட்டக் கற்றுக்கொடுத்து, அதை மோட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டாய்.

வரதன்


திருவொற்றியூர்,
8 மே 1932

வரதா,

முதலில் சிரித்தேன். துரை கைத்தடியோடு ரிக்ஷாவில் ஏறுகிற இடத்தில் சுயம்புவும் சிரித்தான். ஷெட்டில் படுக்கிறேன் என்ற இடம் வந்ததும் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் பஸ்ஸை ஓட்டியபோது அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

நீ சொன்னது சரி. எங்கள் குதிரை சாவு மேளம் கேட்டால் பின்னங்காலில் நிற்கும். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற சவமெல்லாம் நம் வழியாகத்தானே போகும்? அதனால் இறங்கி நின்றேன். நின்று நின்று அது பக்தியாகிவிட்டது. குதிரை போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் இன்னும் அதற்காக நின்றுகொண்டிருக்கிறேன் என்பது உன் கடிதத்தைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. சைகோனிலிருந்து ஒருவன் சொல்ல வேண்டியிருக்கிறது பார், உன் அப்பனின் மூளையை.

ஆனால் மறைக்காமல் எழுதுகிறேன். அன்றே ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷமும் வந்தது. நம் முதலாளி இரண்டாவது பஸ் வாங்கப் போகிறார். கேட்டு வைத்திருக்கிறேன். நீ வந்துவிடு. உனக்குத் தெரிந்த ரோடு, தெரிந்த பக்கம். எத்தனை சவத்துக்கு வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் கைத்தடியால் தட்டமாட்டார்கள். குழந்தையும் நம் வீட்டிலேயே வளரும்.

தேசப்பன்


சைகோன்,
5 ஜூன் 1932

நைனா,

சந்தோஷம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வேலை போனதில் உனக்குச் சந்தோஷம்.

நான் வர மாட்டேன். முதலாளியிடம் எனக்காகக் கேட்க வேண்டாம். மலர்க்கொடிக்குத் தனியே எழுதியிருக்கிறேன். பிரசவம் ஆனதும் தந்தி கொடுத்தால் போதும். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

வரதன்


திருவொற்றியூர்,
24 ஜூலை 1932

வரதா,

தந்தியில் தாயும் பெண் குழந்தையும் சுகம் என்று கொடுத்தேன். அதற்கு மேல் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கேட்கிறான். அதனால் விவரம் இதில்.

நீ எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்தேன். இருக்க முடியாமல் வாரம் ஒரு கடிதம் எழுதி, எழுதி, கிழித்தேன். உன் அம்மா அந்தத் துண்டுகளை வைத்துத்தான் அடுப்புப் பற்ற வைத்தாள்.

முந்தின வாரம் புதன்கிழமை காலை முதல் சர்வீசுக்குப் பஸ்ஸை எடுத்தேன், ஜனங்களும் ஏறிவிட்டார்கள். அப்போது அடுத்த வீட்டுச் சிவந்தி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "மாமே! உன் மருமவளுக்கு வலி எடுத்துகிச்சு!" பஸ்ஸை அப்படியே நம் தெருவுக்குள் விட்டேன். மலர்க்கொடியையும் உன் அம்மாவையும் ஏற்றினேன். ஜனங்களை இறங்கச் சொன்னேன், ஒருவரும் இறங்கவில்லை. "நாங்களும் வர்றோம் நைனா, நீ வண்டிய எடு" என்றார்கள். காலடிப்பேட்டையில் இறங்க வேண்டியவர் ஒருத்தர், தன் ஸ்டாப் தாண்டிப் போயும் மரியாதைக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் முன்னால் சாவு மேளம். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்த யாரோ. பெரிய கூட்டம். ரோட்டின் இடது பக்கம் முழுவதும் அடைத்துக்கொண்டு, நாங்கள் போகிற திசையிலேயே மெதுவாகப் போகிறது. உன் கால் பிரேக்கில் போய் உட்கார்ந்தது என்று எழுதியிருந்தாயே, என் காலும் போய் உட்கார்ந்தது. இஞ்சினை நிறுத்தி, இறங்கி, தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் கடிதத்தைப் படித்து, சரி என்று ஒப்புக்கொண்டு, உனக்கே அதை எழுதியவன் நான். அப்படியும் நின்றேன்.

உன் அம்மா ஜன்னல் வழியாக அலறினாள். "யோவ்! இன்னா சாமி கும்புட்டுகினு கீறே? உள்ள ஒரு உயிரு துடிக்குது!"

அதற்கும் நான் அசையவில்லை. என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற பெண், இத்தனை நாளில் என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், உன் மலர்க்கொடி, உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தாள் பார். "மாமா! ஏறு வண்டில!"

ஏறினேன். இடது பக்கம் வழி இல்லை. வலது பக்கம் காலியாக இருந்தது. உன் ஊர்ப் பக்கமாகவே விட்டேன். ஹாரன் அடிக்கக் கை வரவில்லை. பாடைக்குப் பக்கத்தில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவர் செய்யக்கூடாத காரியம், நீ செய்யாதே. பாடை தூக்கிய ஒருவன் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மேளக்காரனை நிறுத்தச் சொல்லி, "போ நைனா, போ! எங்காளுக்கு இனிமே இன்னா அவசரம்?" என்றான்.

ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில் இருவரையும் இறக்கிவிட்டேன். நர்சம்மாக்கள் மலர்க்கொடியை உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு மேல் அங்கே ஆம்பளைக்கு என்ன வேலை? வெளியே நின்றேன். நிற்க முடியவில்லை. சவத்தை முந்திவிட்டேன் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. முந்தியது நான். தோஷம் என்மேல் வந்தால் பரவாயில்லை, வழி தவறி உள்ளே போய்விட்டால்? குதிரைச் சட்டம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பஸ்ஸை அங்கேயே விட்டேன், ஜனங்களோடு. வந்த வழியே ஓடினேன். வண்ணாரப்பேட்டை முனையில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அதைப் போகவிட்டுக் கடைசி ஆளாகப் பின்னால் சேர்ந்துகொண்டேன். இப்போது நான் முந்தவில்லை, பின்னால் வருகிறேன் அல்லவா? பாதி வழியில் ஒருவன் தோள் மாற்ற ஆள் தேடினான். நான் கொடுத்தேன். செத்தவரின் மச்சான் அழுதுகொண்டே என் பக்கத்தில் நடந்தான். "அவருக்கு நீங்க இன்னா வேணும்?" என்று கேட்டான். "வழியில பழக்கம்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதான்.

மூலக்கொத்தளத்தில் எல்லாம் முடிந்து, அங்கேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கேட்டில் உன் அம்மா.

"பொண்ணு பொறந்து எவ்ளோ நேரமாவுது? எங்க போன?"

"மூலக்கொத்தளம்."

அவள் முகத்தை நான் எழுதப்போவதில்லை. சுடுகாட்டுக்குப் போய் வந்தவன் பச்சைப் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று விரட்டிவிட்டாள். சுயம்பு ஒரு பக்கம் வந்து, "அத்தினி பேரையும் பஸ்ல வுட்டுட்டு எங்க நைனா பூட்டே? பாஸ்கரு வந்து மொத்த பேரையும் ஏத்திகினு பூட்டான்!" என்று குதித்தான். தாயும் குழந்தையும் வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் எனக்கு இன்னும் அனுமதி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறேன். உன் மூக்கு. பாவம்.

நீ வர வேண்டாம். மலர்க்கொடி வரட்டும். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளை இங்கே நிறுத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

தேசப்பன்


சைகோன்,
21 ஆகஸ்ட் 1932

நைனா,

உன் கடிதத்தை ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். காலடிப்பேட்டைக்காரர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு உள்ளேயிருந்து துரைசானியே வந்து என்னவென்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்தது. என் அப்பன் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்ப் பிணம் தூக்கிவிட்டு வந்தார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது.

அந்த வாரமே புது டிரைவர் அவளை வைத்துக்கொண்டு வண்டியைப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டான். நிற்காதவனைவிட நிற்கிறவன் மேல் என்று அவள்தான் துரையிடம் சொல்லியிருக்கிறாள். சாவி என்னிடம் வந்துவிட்டது. வீடும்.

இப்போது நான் சவத்துக்கு நிற்பதில்லை. ஓரமாகத் தாண்டிப் போகிறேன். ஆனால் கை மட்டும் ஸ்டீரிங்கை விட்டுத் தொப்பிக்குப் போய்விடுகிறது. யாருக்கு சலாம் வைத்தாய் என்று துரை கேட்டார். தெரிந்தவர் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கடிதம் ஒன்று எழுதினேனே, சந்தோஷம் பற்றி. அதை வைத்துக்கொண்டிருந்தால் அம்மாவிடம் அடுப்புக்குக் கொடுத்துவிடு.

நம் தெரு ராஜாத்தி அக்கா குடும்பம் டிசம்பரில் சிங்கப்பூர் வழியாக இங்கே வருகிறது. அவர்களோடு மலர்க்கொடியையும் பாப்பாவையும் கப்பலேற்றிவிடு. உன்னை விட்டால் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

வரதன்


திருவொற்றியூர்,
12 டிசம்பர் 1932

வரதா,

இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்களே வந்துவிடுவார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

முதலாளியிடம் கேட்டு நம் பஸ்ஸிலேயே துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போதே எனக்கு என் கால்மேல் நம்பிக்கை இல்லை. வழக்கம்போல் ஓட்டினால் இந்தக் கால் ஒவ்வொரு தெரு முனையிலும் நிற்கும், கை காட்டியவனுக்கெல்லாம் நிற்கும், கப்பல் போய்விடும், நான் ஐயோ என்று சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? அதனால் ஏறி உட்கார்ந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். காலை எடுக்கவே இல்லை. தண்டையார்பேட்டைப் பாட்டி கையைத் தூக்கியபடியே நின்றாள், பார்க்காத மாதிரி போனேன். பாஸ்கரை முந்தினேன். அவன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யோவ் நைனா! இன்னா ஆச்சு உனக்கு?" என்று கத்தினான். உன் அம்மா முன் சீட்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊரில் உள்ள எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள்.

போய்ச் சேர்ந்தால் கப்பலுக்கு ஏணியே இறக்கவில்லை. வெகு நேரம் ஆகும் என்றார்கள்.

உன் மகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓடினால் தூங்குவாள், நின்றால் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். பஸ் நின்றதும் ஆரம்பித்தாள். மலர்க்கொடி ஆட்டிப் பார்த்தாள், ராஜாத்தி ஆட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, மடியில் போட்டு, வாயால் இஞ்சின் சத்தம் கொடுத்தேன். டுர்ர்ர் என்று, கியர் மாற்றுகிற இடத்தில் கியர் மாற்றி. துறைமுகப் போலீஸ்காரன் நின்று பார்த்தான். நான் அவனுக்கும் நிற்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள். ஏணி இறங்கும் வரை என் மடியில்தான் இருந்தாள்.

மலர்க்கொடி வந்து தூக்கிக்கொண்டாள். காலில் விழ வந்தாள், குழந்தை விழித்துவிடும் என்று தடுத்துவிட்டேன். ஏணியில் ஏறிப் போனார்கள். குழந்தை விழிக்கவில்லை. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டாள். சுயம்பு வந்து என் தோளைத் தொட்டான்.

"நைனா, போதும், வுடு. கப்பலு பூட்ச்சு."

அப்போதுதான் தெரிந்தது, நான் இன்னும் டுர்ர்ர் என்று சொல்லிக்கொண்டே நிற்கிறேன் என்று.

உன் நைனா,
தேசப்பன்